வராத மாணவருக்கு வருகைச் சான்று: இந்திய பார் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் போன வாரம் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். நான்கு வாரப் பயிற்சி முடித்ததாகச் சான்றிதழை டைப் செய்து, நாட்குறிப்பையும் எழுதி முடித்துக் கொண்டுவந்திருந்தார். என் கையெழுத்தும் சீலும் மட்டும் பாக்கி. அன்றுதான் அவரை முதன்முதலாகப் பார்க்கிறேன். முடியாது என்றேன். "வேற ஆபீஸ்ல எல்லாம் போட்டுத் தராங்களே சார்" என்றார். மறுநாள் அவருடைய அப்பா போன் செய்தார்.

வக்கீல் தொழிலையும் சட்டக் கல்வியையும் முறைப்படுத்தும் உங்களுக்குத் தெரியாத கதையல்ல இது. 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் உங்களுடையவைதான். மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம் பயிற்சி. ஒரு சிவில், ஒரு கிரிமினல் வழக்கின் விசாரணையை நேரில் பார்த்துக் குறிப்பெழுத 30 மதிப்பெண். எழுத்தில் எல்லாம் சரிதான். அந்த நாட்குறிப்பைப் பிரித்துப் பார்ப்பது யார்?

சில மாதங்களுக்கு முன் ஒரு அம்மா கேஸ் கட்டோடு வந்தார். கடன் கொடுத்த பணம், கையில் புரோநோட்டு. வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் கெடு முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே புதிதாகப் பதிவு செய்த வக்கீல் ஒருவரிடம் போயிருக்கிறார். அவர் நோட்டீஸ் அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். நோட்டீஸ் போனாலே அந்தக் கெடு, அதாவது காலவரையறை, நின்றுவிடும் என்று நினைத்திருக்கிறார். மூன்று வருடம் தாண்டிவிட்டது. கடன் வாங்கியவர் கெடுவுக்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டால் கணக்கு புதிதாகத் தொடங்கும். கொடுத்தவர் எத்தனை நோட்டீஸ் அனுப்பினாலும் ஒரு நாள்கூட நகராது. புரோநோட்டு வந்தால் குமாஸ்தாவே முதலில் தேதியைத்தான் பார்ப்பார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லும் வேலை எனக்கு வந்தது. "நான் நேரத்தோடதானே சார் போனேன்" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார்.

அந்த வக்கீல் முதல் வகுப்பில் தேறியவர். காலவரையறைச் சட்டம் அவருக்குப் பாடமாகவும் இருந்தது. ஒரு வாரம் உண்மையாகவே ஒரு ஆபீஸில் உட்கார்ந்திருந்தால் போதும், இது நடந்திருக்காது.

புது வக்கீல்கள் தொழில் செய்யத் தேற வேண்டிய உங்கள் அகில இந்திய பார் தேர்வு இதைப் பிடித்துவிடும் என்பீர்கள். 100 கேள்விகள், சட்டப் புத்தகத்தைப் பார்த்தே விடையைக் குறிக்கலாம். கட்சிக்காரர் யாரும் நான்கு விடைகளோடு வந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதில்லை. கல்லூரிகளோ மாதிரி நீதிமன்றப் போட்டிகளில் இல்லாத நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் வாதாடக் கற்றுக்கொடுத்துக் கோப்பை வாங்குகின்றன. குறை இருக்கிறதென்று கோர்ட் திருப்பி அனுப்பிய பிராதை (வழக்கு மனுவை) சரி செய்து திரும்பத் தாக்கல் செய்ய யார் கற்றுக்கொடுப்பது? சீனியரிடம் கற்கட்டும் என்றால், ஜூனியர் சாப்பிட வேண்டாமா? 2024-இல் நகரத்தில் 20,000, கிராமப்புறத்தில் 15,000 ரூபாய் உதவித்தொகை தரலாம் என்று பரிந்துரைத்தீர்கள். பரிந்துரைதானே, அது பாட்டுக்கு இருக்கிறது.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். வக்கீலாகப் பதிவு செய்யும் முன் ஓராண்டுப் பயிற்சி என்ற உங்கள் விதியை 1999-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, உண்மை. ஆனால் படிப்புக் காலப் பயிற்சி ஏற்கெனவே உங்கள் விதியில் இருக்கிறது. புதுச் சட்டம் வேண்டாம். கல்லூரி ஆய்வுக்குப் போகும்போது கட்டடத்தையும் நூலகத்தையும் அளப்பதோடு பயிற்சி நாட்குறிப்புகள் சிலவற்றையும் எடுங்கள். அதில் எழுதியிருக்கும் வழக்கு எண்ணை, வழக்கு விவரங்களைப் பார்க்க உதவும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் போட்டு, அன்று அந்த வழக்கு விசாரணைக்கு வந்ததா என்று பாருங்கள். பொய்யென்றால் மாணவரை மட்டுமல்ல, கையெழுத்திட்ட வக்கீலையும், மதிப்பெண் போட்ட கல்லூரியையும் கேளுங்கள்.

2025 ஆகஸ்டில் புதிய சட்டக் கல்லூரிகளுக்கு மூன்றாண்டுத் தடை போட்டிருக்கிறீர்கள். புது விண்ணப்பங்களைப் பார்க்கும் வேலை குறைந்த இந்தக் காலத்திலேயே நாட்குறிப்புச் சோதனையைத் தொடங்குமாறு பணிவோடு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவர்