கட்டடத் தொழிலாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இடித்த வீடுகளின் கழிவையும் தூத்துக்குடி அனல்மின் நிலையத்துச் சாம்பலையும் பூச்சுக் கலவையில் சேர்த்துப் பார்ப்பதென்று சென்ற பொதுக்குழு எடுத்த தீர்மானத்தின்படி நடந்த வேலையே இவ்வறிக்கையின் பெரும்பகுதி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார்.

முதல் முயற்சி என்னால் கெட்டது. கடற்கரைத் தெருவில் பிரித்த பழைய வீட்டின் சுவர்க்கழிவை, அரைத்துச் சலித்தால் போதும் என்றெண்ணி நான்தான் கொண்டுவரச் சொன்னேன். அது பவளக்கல்லும் கடல் மணலும் வைத்துக் கட்டியது, வேண்டாம் என்று மூத்த கொத்தனார் ஒருவர் சொன்னதைக் கேட்கவில்லை. சங்கக் கட்டடத்தின் பின்சுவரில் பூசிய மூன்றாம் மாதமே அடிப்பகுதியில் வெள்ளையாக உப்புப் பூத்தது. விரலால் தேய்த்தால் மாவாய் உதிர்ந்தது. சுவரில் ஏறிய ஈரம் வற்றும்போது கரைந்திருந்த உப்பு மேற்பரப்பில் படிகமாகிப் பூச்சைத் தள்ளிவிடுகிறது. கம்பியையும் அது துருப்பிடிக்க வைக்கும் என்பதால், அத்தகைய கழிவைத் தூணிலோ தளத்திலோ சேர்ப்பதில்லை எனச் செயற்குழு முடிவு செய்தது.

அடுத்த முறை ஊருக்குள் இடித்த செங்கல், காங்கிரீட் துண்டுகளை மட்டும் எடுத்தோம். ஜிப்சம் பூச்சு கலந்திருந்தால் அதிலுள்ள சல்பேட் சிமெண்டோடு சேர்ந்து உப்பி வெடிப்பு உண்டாக்கும் என்பதால், அதைப் பொறுக்கி எடுப்பதிலேயே இரண்டு நாள் போயிற்று. பிறகு 4.75 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து அலசினோம். குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊரில் மணல் கழுவத் தண்ணீரா என்று சிலர் கோபப்பட்டது நியாயமே. ஐப்பசி மழைநீரைத் தொட்டியில் பிடித்தே அலசினோம். காங்கிரீட்டுக்கான மணல், ஜல்லி பற்றிய இந்தியத் தரக்குறியீடான ஐ.எஸ். 383, கம்பியில்லாத வேலையில் பழைய காங்கிரீட்டை அரைத்த மணலை 25 விழுக்காடு வரை அனுமதிக்கிறது; கலவையிலும் நாங்கள் கால்பங்கைத் தாண்டவில்லை. பழைய காரை ஒட்டிய மணல் தண்ணீரை உறிஞ்சுவதால், முன்கூட்டியே நனைத்துக்கொண்டோம்.

சாம்பலைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. நம் கடைகளில் கிடைக்கும் பி.பி.சி. என்னும் கலப்புச் சிமெண்ட் மூட்டையில் ஏற்கெனவே 15 முதல் 35 விழுக்காடு வரை சாம்பல் உண்டு. அதில் மேலும் கொட்டினால் இறுகுவது தாமதமாகும். ஆகவே சாம்பல் கலக்காத சாதாரண சிமெண்டான ஓ.பி.சி.யில் மட்டுமே சேர்த்தோம். சிமெண்டிலிருந்து வெளிப்படும் சுண்ணாம்போடு சாம்பல் மெல்லத்தான் வினைபுரியும் என்பதால், ஏழு நாளோடு நிறுத்தாமல் பதினான்கு நாள் தண்ணீர் விட்டோம்.

அந்தப் பூச்சில் கார்த்திகை மழைக்குப் பிறகும் உப்புத் தெரியவில்லை. இன்னொரு மழைக்காலம் பார்த்த பிறகே உறுப்பினர்கள் வெளிவேலைகளில் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. அதுவரை சோதனையைத் தொடரப் புதிய சல்லடை ஒன்றும் மழைநீர்த் தொட்டிக்கு மூடியும் வாங்க, பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டுகிறேன்.

செயலாளர்