தம்பிக்கு, நம் தோட்டத்துப் பூசை பற்றி

அன்புள்ள தம்பி,

பாரிசில் இலத்தீன் பூசைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் ஒழுங்காகச் செபிக்கிறேன் என்று போனில் சொன்னாய். சந்தோஷப்பட்டேன். ஆனால் அதே மூச்சில், 1969இல் ஆறாம் பவுல் பாப்பரசர் கொண்டுவந்த புதிய பூசை, நாம் தமிழில் காணும் இந்தப் பூசை, அரைகுறைப் பூசை என்றாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அம்மாயியை நினைத்துப் பார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தே காலம் கழித்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். மாதத்துக்கு ஒருமுறை பங்குச் சுவாமியார் தோட்டத்துக் கோயிலுக்கு வந்து பீடத்தைப் பார்த்தபடி இலத்தீனில் பூசை வைப்பார். பின்னால் அம்மாயி செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார். மணி அடித்ததும் தலை நிமிர்ந்து நற்கருணையைப் பார்ப்பார். அந்தப் பக்தியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தமிழில் பூசை வந்து, "ஆண்டவரே, இரக்கமாயிரும்" என்று தன் வாயால் சொன்ன அன்று அழுதுவிட்டதாக எத்தனை தடவை நம்மிடம் சொல்லியிருக்கிறார்! துரைக்கும் கங்காணிக்கும் தலையாட்டியே பழகியவர் கோயிலில்தான் வாய்திறந்து பதில் சொன்னார். (இலத்தீன் பூசையிலும் அந்த வரி 'கீரியே எலேய்சோன்' என்று கிரேக்கத்தில்தான் இருக்கிறது. உரோமையிலேயே ஆதிகாலத்துப் பூசை கிரேக்கத்தில்தான் நடந்தது.)

உலகத்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் இலத்தீனைத் தூக்கியெறியவும் இல்லை. 1963இல் அந்தச் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டின் 36ஆம் பிரிவைப் படி. இலத்தீனைக் காக்க வேண்டும் என்கிறது, மக்களின் மொழிக்கும் இடம் கொடுக்கிறது. கிரகோரியன் பாடலுக்கு, அதாவது பழைய இலத்தீன் வழிபாட்டுப் பாடலுக்கு, முதலிடம் என்றும் அதே ஏடு சொல்கிறது. நாம் பாடாமல் விட்டது நம் தவறு.

2007இல் பெனடிக்ட் பாப்பரசர் பழைய பூசைக்குத் தாராளமாக அனுமதி கொடுத்ததும், 2021இல் பிரான்சிஸ் பாப்பரசர் அதை இறுக்கியதும் உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று புரிகிறது. உங்களைப் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்குகிறவர்களோடு நான் இல்லை.

நீ சொன்னதில் ஒன்று இன்னும் மனதைக் குடைகிறது. இங்கே ஞாயிறு காலையில் முதலில் சிங்களப் பூசை, அப்புறம் தமிழ்ப் பூசை. அவர்கள் வெளியே வர நாம் உள்ளே போகிறோம். வாசலில் ஒரு சிரிப்போடு சரி. இலத்தீன் காலத்தில் எல்லாரும் ஒரே பூசையில் முழந்தாளிட்டார்கள் என்றாய். அதற்கு என்னிடம் பதில் இல்லை. 1692இல் கண்டிக்கு வந்த கோவாக் குருவானவர் புனித யோசப் வாஸ் பீடத்தில் இலத்தீன் சொன்னார். மக்களிடம் தமிழிலும் சிங்களத்திலும் பேசினார். அதை யோசித்துத்தான், திருநாள் பூசையில் 'சாங்க்துஸ்' என்ற 'தூயவர்' பாட்டை மட்டுமாவது தமிழரும் சிங்களவரும் சேர்ந்து இலத்தீனில் பாடலாமா என்று பங்குச் சபையில் கேட்கப்போகிறேன்.

மார்கழியில் வரும்போது உன் பூசைப் புத்தகத்தைக் கொண்டு வா. அந்தப் பாட்டை எனக்குச் சொல்லிக்கொடு. நத்தார் நள்ளிரவுப் பூசைக்கு என்னோடு தோட்டத்துக் கோயிலுக்கு வா; அம்மாயி வழக்கமாக நிற்கும் அந்தத் தூணோரம் நாம் நிற்போம்.

அன்புடன்,
அக்கா
ஹட்டன்