உமிழ்நீர்ப் பரிசோதனைக் குறிப்பு தமிழில் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்டிசால் ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கிறதா என்று அறிய, இரவு 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையே வீட்டிலேயே உமிழ்நீர் எடுத்துவருமாறு என் தங்கையிடம் மருத்துவர் கூறினார். தனியார் ஆய்வகம் ஒன்றில் பஞ்சுருளை வைத்த சிறு குழாயையும், ஆங்கிலத்தில் மட்டுமே அச்சிட்ட ஒரு தாளையும் கொடுத்தார்கள். தங்கைக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. எச்சில்தானே, வாய் சுத்தமாக இருக்கட்டும் என்று நன்றாகப் பல் துலக்கிவிட்டுப் பஞ்சை மென்றிருக்கிறாள். ஈறில் கசிந்த ரத்தம் கலந்துவிட்டதென்று மறுநாள் அதைத் திருப்பிவிட்டார்கள்.

அவர்கள் திருப்பியதில் தவறில்லை. உமிழ்நீரில் இருப்பதைவிட ரத்தத்தில் கார்டிசால் பல மடங்கு அதிகம் என்பதால், சிறிதளவு கலந்தாலும் கணக்கு கெட்டுவிடும். ஆனால் அதை முன்னரே தமிழில் சொல்லியிருக்கலாம் அல்லவா?

காலையில் கண்விழித்த சிறிது நேரத்தில் உச்சத்தைத் தொடும் கார்டிசால், நள்ளிரவை ஒட்டி மிகக் குறைந்த அளவுக்கு இறங்கிவிடும். உடலில் கார்டிசால் நீண்டகாலம் மிகுதியாக இருப்பதால் வரும் குஷிங் நோய்க்குறி உள்ளவர்களிடம் இந்த இறக்கம் காணப்படாது என்பதால்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ரத்தத்திலுள்ள கார்டிசாலில் பெரும்பகுதி புரதங்களோடு பிணைந்திருக்க, பிணையாத பகுதி மட்டுமே உமிழ்நீருக்கு வருகிறது. ஊசியும் வேண்டாம், மருத்துவமனையில் தங்கவும் வேண்டாம். ஆனால் மாதிரி எடுக்கும் பொறுப்பு முழுவதும் நோயாளியின் கைக்கு வந்துவிடுகிறது.

மருத்துவர் பின்னர் விளக்கியவற்றுள் ஒன்று என்னைத் திடுக்கிட வைத்தது. தொண்டைக் கரகரப்புக்கு நம் வீடுகளில் வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரமும் இந்த முடிவைப் பொய்யாக உயர்த்திக் காட்டுமாம். கார்டிசாலைச் செயலற்றதாக மாற்றும் நொதி ஒன்று உமிழ்நீர்ச் சுரப்பிகளில் இருக்கிறது. அதை அதிமதுரம் தடுத்துவிடுகிறது. புகையிலையாலும் அளவு கூடலாம். எனவே வெற்றிலையோடு புகையிலை போடுவோரிடம் இதைக் கேட்டே ஆகவேண்டும். கார்டிசாலையே மருந்தாகக் கொண்ட, தோலுக்குப் பூசும் ஹைட்ரோகார்டிசோன் களிம்பு விரலில் ஒட்டியிருந்து பஞ்சில் பட்டாலும் போதும், முடிவு தவறிவிடும். தங்கையிடம் இவற்றில் எதையும் யாரும் கேட்கவில்லை.

ஆகவே, மாதிரி எடுப்பதற்கு முன் குறைந்தது அரை மணி நேரம் உண்ணவோ பல் துலக்கவோ கூடாது என்பதில் தொடங்கி, பஞ்சை எவ்வளவு நேரம் வாயில் வைத்திருப்பது, குழாயை எங்கே பாதுகாப்பது என்பது வரை எல்லாவற்றையும் தமிழில் அச்சிட்டுத் தருவதை ஆய்வகங்களுக்குச் சுகாதாரத் துறை கட்டாயமாக்க வேண்டும். குறைந்தது இரண்டு இரவுகள் எடுத்துப் பார்ப்பதே முறை என்பதையும் அதில் குறிப்பிட வேண்டும். நூற்பாலைகளில் இரவுப் பணி பார்ப்பவர்களுக்கு உறக்க நேரமே மாறியிருப்பதால் இந்தச் சோதனை பொருந்தாது. குழாயைக் கொடுக்கும்போதே அதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
கும்பகோணம்.