சி படிப்பிப்பவர்களுக்கு: ஒற்றைப்படை முகவரியில் நிற்கும் நாலு பைட்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சி மொழி படிப்பிக்கும் விரிவுரையாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். கல்லடியிலிருந்து எழுதுகிறேன். சின்ன போர்டுகளுக்கு புரோகிராம் எழுதுவது என் வேலை. கடைசி வருடச் செயற்றிட்டத்தோடு பிள்ளைகள் என்னிடம் வருவார்கள். போன மாரியில் ஒரு பையன், படுவான்கரை வாய்க்காலில் நீர்மட்டம் பார்க்கும் கருவியோடு வந்தான். “அண்ணா, லப்டொப்பில நல்லா ஓடுது, போர்டுல போட்டா அப்படியே நிண்டுடுது” என்றான். வயர், பேட்டரி, சென்சர் என்று மாற்றி மாற்றி மூன்று நாள் மினக்கெட்டிருக்கிறான்.

பிழை ஒரே வரியில் இருந்தது. சென்சர் அனுப்பும் பொதியில் முதல் பைட் அடையாள எண், அடுத்த நாலு பைட் நீர்மட்டம். பொதி வந்து சேரும் நினைவக இடம்தான் பஃபர். அதன் இரண்டாவது பைட்டின் முகவரியை 32 பிட் எண்ணைக் காட்டும் பொயின்டராக காஸ்ட் பண்ணி, அதாவது வகை மாற்றி, வாசித்திருந்தான். பஃபர் 4 ஆல் வகுபடும் முகவரியில் தொடங்கியது. நீர்மட்டம் அதற்கு ஒன்று தள்ளி. இன்டெல் புரொசசர் இதைப் பொறுத்துக்கொண்டு வாசித்துவிடும். அவனுடைய போர்டான முதல் ராஸ்பெரி பை பிக்கோவில் இருப்பது கோர்டெக்ஸ் எம்0+ புரொசசர். நாலு பைட் எண் 4 ஆல் வகுபடும் முகவரியில் இல்லையென்றால் அது வாசிக்காது, ஹார்ட் ஃபோல்ட் என்ற பிழை நிலையில் போய் நின்றுவிடும்.

லப்டொப்பில் ஓடியதால் அது சரியாகிவிடாது. சி தரநிலைப்படி அந்த காஸ்ட்டே வரையறுக்கப்படாத நடத்தை, அதாவது என்ன நடக்கும் என்று மொழி எந்த உத்தரவாதமும் தராது. முகவரி ஒழுங்காகத்தான் இருக்கும் என்று நம்பி, 16 பைட்டை ஒரேயடியாக அள்ளும் கட்டளையைக் கொம்பைலர் போட்டால் இன்டெலிலும் விழும்.

எங்கே படித்தாய் என்று கேட்டேன். வகுப்புக் குறிப்பைக் காட்டினான். அதே வரி அதில் இருந்தது. எனக்கு மனசு கஷ்டமாகப் போய்விட்டது. பிள்ளை சொன்னதைத்தானே செய்திருக்கிறான்.

தயவுசெய்து அந்த உதாரணத்தை எடுத்துவிடுங்கள். நாலு பைட்டையும், பைட்டுகளை நகலெடுக்கும் மெம்கொப்பியால் (memcpy) ஒரு மாறிக்குள் எடுக்கச் சொல்லுங்கள். வேகம் குறையும் என்ற பயம் வேண்டாம். கொம்பைலரில் வேகம் கூட்டும் ஒப்டிமைசேஷன் போட்டால் இன்டெலில் அது ஒற்றைக் கட்டளையாகிவிடும். பொதி வாசிக்க எனக்குப் பிடித்தது, பைட் பைட்டாக எடுத்து 8, 16, 24 பிட் தள்ளிச் சேர்ப்பது. புரொசசருக்குப் புரொசசர் பைட் ஒழுங்கு மாறும் தொல்லையும் அதோடு தீரும்.

அப்புறம், ஒரு செய்முறை வகுப்பிலாவது பிக்கோவில் அதை விழவிட்டுக் காட்டுங்கள். போர்டு இல்லையென்றால் ஜிசிசி கொம்பைலரில் முகவரி ஒழுங்கைச் சோதிக்கும் அலைன்மென்ட் சனிடைசரோடு ஓட்டுங்கள். எந்த வரி என்று லப்டொப்பிலேயே சொல்லிவிடும். என்னிடம் பிக்கோ இரண்டு இருக்கிறது. சனிக்கிழமைகளில் நானே கொண்டு வருகிறேன்.