ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு? கார் நிறுவனங்களுக்கு ஒரு பட்டறைக்காரனின் மடல்

இந்தியாவில் கார் விற்கும் நிறுவனங்களின் சர்வீஸ் பிரிவுத் தலைவர்களுக்கு, வணக்கம். உங்கள் கார்களில் உள்ள கம்ப்யூட்டர்களின் பூட்டைக் காசு கட்டித் திறக்க, எங்களைப் போன்ற வெளிப் பட்டறைகளுக்கும் வழி கேட்டுத்தான் இந்த மடல்.

கோயம்புத்தூரில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு லிப்ட், மூன்று பையன்கள், ஒரு பழைய லேப்டாப். ஸ்பேனர் பிடித்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. லேப்டாப் பிடித்து ஆறு வருஷம்தான்.

என்னை லேப்டாப் பக்கம் தள்ளிவிட்டது ஒரு டீசல் கார். என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டரும் போய்விட்டதால் புதிது வாங்கி மாட்டினேன். வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஐடிலில் ஒரே உதறல், மிதித்தால் புகை. மூன்று முறை கழற்றி மாட்டினேன், வாஷரை மாற்றினேன், ரிட்டர்ன் லைனைப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் டீசல் பம்ப் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் வந்தார். இன்ஜெக்டர் தலையில் பொடி எழுத்தில் பொறித்திருந்ததைக் காட்டி, "இதை ஈசியூகிட்ட சொன்னியா தம்பி?" என்று கேட்டார். என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரைத்தான் ஈசியூ என்கிறார்கள். நான் முழித்தேன்.

ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு இன்ஜெக்டர்கூட அச்சு மாறாமல் ஒரே அளவு டீசல் பீய்ச்சாது. அந்த வித்தியாசத்தை அங்கேயே அளந்து, எழுத்தும் எண்ணுமாகத் தலையில் பொறித்துவிடுகிறார்கள். எந்த சிலிண்டரில் எது இருக்கிறதோ, அந்தக் குறியீட்டை ஈசியூவில் ஏற்ற வேண்டும். ஏற்றினோம், உதறல் நின்றது. மூன்று நாள் ஸ்பேனரால் முடியாத வேலை, பத்து நிமிஷத்தில் முடிந்தது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் முறையாகப் படிக்க ஆரம்பித்தேன். என்னிடம் வருவதில் பாதி ஃபோக்ஸ்வேகனும் ஸ்கோடாவும் என்பதால் முதலில் அந்த வண்டிகளைப் பரிசோதிக்கும் விசிடிஎஸ் என்ற சாஃப்ட்வேரும் கேபிளும் வாங்கினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு பின் சாக்கெட்டில் கேபிளைச் செருகினால், வண்டியில் உள்ள மாட்யூல், அதாவது ஒவ்வொரு பகுதியையும் நடத்தும் குட்டிக் கம்ப்யூட்டர், எல்லாம் எண் வரிசையில் வந்து நிற்கும். 01 என்ஜின், 03 பிரேக், 09 விளக்கு, வைப்பர் வகையறா, 15 ஏர்பேக், 19 இவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் கேட்வே. ஒவ்வொன்றுக்குள்ளும் அது எப்படி வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் நீளமான எழுத்து, எண் வரிசை ஒன்று, அதுதான் கோடிங். அதில் இரண்டிரண்டு எழுத்தாகப் பிரித்தால் ஒவ்வொரு ஜோடியும் எட்டு சுவிட்ச் உள்ள ஒரு போர்டு. ஒரு சுவிட்சைத் தட்டினால் பகல் விளக்கு எரியும், பக்கத்துச் சுவிட்சைத் தட்டினால் வேறு ஏதாவது அணையும். எனக்குப் பின்பக்க வைப்பர் அணைந்தது. நல்லவேளை, பழைய கோடிங்கை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். இன்றுவரை என் பையன்களுக்கு அதுதான் முதல் பாடம்: முழு ஸ்கேன் எடுத்துச் சேமிக்காமல் எதிலும் கை வைக்காதே.

இரண்டாவது பாடம் பேட்டரி. என்ஜின் ஓடாமல் இக்னிஷன் மட்டும் ஆனில் இருக்கும்போது மின்சாரம் சத்தமில்லாமல் குறைந்துகொண்டே போகும். வெறும் கோடிங் என்றால் பெரும்பாலும் "முடியாது" என்று மாட்யூல் மறுக்கும், அவ்வளவுதான். சாஃப்ட்வேரையே மாற்றி ஏற்றும்போது வோல்டேஜ் விழுந்தால் மாட்யூல் செத்தே போகலாம். எங்கள் ஏரியாவில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? பேட்டரிக்குத் துணையாக வைக்கும் பவர் சப்ளையை இன்வெர்டரில்தான் மாட்டியிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாட்யூலில் முக்கியமான எதையாவது எழுதப் போனால் அது முதலில் ஒரு எண்ணைக் கேள்வியாக அனுப்பும். சரியான பதில் எண்ணைக் கொடுத்தால்தான் திறக்கும். முன்பு அந்தப் பதில் எங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. இப்போது உங்கள் சர்வருக்குப் போய்விட்டது. எட்டாம் தலைமுறை கோல்ஃப் வந்தபோது ஃபோக்ஸ்வேகன் கொண்டுவந்த எஸ்எஃப்டி என்ற பூட்டு அப்படித்தான். ஃபியட் கிரைஸ்லர் 2018 மாடல்களிலிருந்து வைத்த செக்யூரிட்டி கேட்வேயும் அதே வகைதான்.

போன மாதம் ஒரு பார்ட்டி, கம்பெனி கவுன்டரிலேயே பில்லோடு புது மாட்யூல் வாங்கி வந்தார். மாட்டிவிட்டேன். கோடிங் ஆன்லைனில்தான் போட முடியும். ஷோரூமில் கேட்டால், "வெளியில் மாட்டியதற்கு நாங்கள் போட மாட்டோம்" என்றார்கள். நல்ல வண்டியை டோ செய்து அங்கே கொண்டுபோய், நான் மாட்டியதைக் கழற்றி, அவர்கள் திரும்ப மாட்டி, அதற்கும் கூலி வாங்கி, பிறகு கோடிங் போட்டார்கள். எந்தக் கம்பெனி என்று இங்கே சொல்லப்போவதில்லை.

பூட்டே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. மீட்டரில் ஓடிய கிலோமீட்டரைக் குறைக்கிறவனும் இதே சாக்கெட்டில்தான் கேபிள் செருகுகிறான். வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல், ரெசிஸ்டர் வைத்து எச்சரிக்கை விளக்கை மட்டும் அணைக்கிற ஆட்களும் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் உங்கள் சர்வரைக் கேட்டு நிற்பதில்லை. திருட்டு சாஃப்ட்வேர் வாங்கிக்கொள்கிறார்கள். வாசலில் நிற்பது பில் போட்டு வேலை செய்கிறவன்தான்.

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களும் டயக்னாஸ்டிக் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்க வழி செய்யுங்கள் என்றும் உத்தரவிட்டது. அது மேல்முறையீடு, கோர்ட் என்று அலைந்த கதை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டது. அந்த டிசம்பரிலேயே அதற்கென ஒரு இணையதளமும் வந்தது. அதில் கிடைக்கும் மேனுவலும் வாரண்டி விவரமும் நல்லதுதான். எனக்கு வேண்டியது அந்தப் பதில் எண்.

ஐரோப்பாவில் உங்களில் பலர் இதைக் காசுக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். 2020 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள விதிப்படி, அங்கே வெளிப் பட்டறைக்காரர் மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ பணம் கட்டி உங்கள் தளத்துக்குள் நுழையலாம். சாவி, சரியான சாவி இல்லாமல் வண்டி கிளம்பாதபடி தடுக்கும் இம்மொபிலைசர் மாதிரி திருட்டோடு சம்பந்தப்பட்ட வேலைகளுக்கு செர்மி என்று தனி ஏற்பாடு இருக்கிறது. ஆளையும் பட்டறையையும் சரிபார்த்த பிறகே அனுமதி. 2023 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், விதியில் இல்லாத நிபந்தனைகளைக் கூடுதலாகப் போட்டு அந்த சாக்கெட்டை அடைக்கக் கூடாது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டது. அதே வண்டி, அதே மாட்யூல், அதே சர்வர். ஜெர்மனிக்காரன் கார்டைத் தேய்த்துவிட்டுச் செய்யும் வேலைக்கு நான் ஏன் டோ வண்டிக்குச் சொல்ல வேண்டும்?

ஆதார், ஜிஎஸ்டி எண், பட்டறை உரிமம், போலீஸ் சான்று, எது வேண்டுமோ கேளுங்கள், தருகிறேன். எந்த வண்டியில், எந்த நேரத்தில், எதை மாற்றினேன் என்று என் பெயரிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். தப்பு செய்தால் என் கணக்கை மூடுங்கள். பரீட்சை வைத்தால் எழுதுகிறேன். தமிழில் வைத்தால் என் பையன்களும் எழுதுவார்கள்.

ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக்காரன்,
கோயம்புத்தூர்