விளையாட்டில் சோழர், நூதனசாலையில் கல்வெட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கையடக்க விளையாட்டுக் கருவிகள் பிள்ளைகளின் நேரத்தைத் தின்றுவிடுகின்றன என்று நானும் முறைப்பட்டவன்தான். எனினும், பதின்மூன்று வயதான என் மகளுடன் அமர்ந்து நிண்டெண்டோ ஸ்விட்சில் ‘சிவிலைசேஷன் 7’ விளையாடிய பின்னர் அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன்.

2025 பெப்ரவரியில் வெளியான இவ்விளையாட்டு முறைவைத்து நகர்வது. எங்கே நகரம் அமைப்பது, எந்தத் தொழில்நுட்பத்தை முதலில் கற்பது, அயலவருடன் வணிகமா போரா என்று நாம் யோசித்து முடிக்கும்வரை அது காத்திருக்கும். இந்த நிதானத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதில் சோழரையும் தெரிவுசெய்யலாம். கப்பல்களை நகர்த்திக்கொண்டிருந்த மகள், “சோழர் இங்கேயும் வந்தவர்களா, அப்பா?” என்று கேட்டாள். பொலன்னறுவையைத் தலைநகராக்கி அவர்கள் ஆண்டதையும், வானவன் மாதேவி ஈஸ்வரம் என்ற சிவன் கோயில் இன்றும் அங்கே நிற்பதையும், சோழ மன்னன் இராஜேந்திரன் 1025ஆம் ஆண்டில் கடாரத்தின் (இன்றைய மலேசியாவின் கெடா) மீது படையெடுத்ததையும் அன்றிரவு பேசினோம். அடுத்த ஞாயிறு கொழும்பு தேசிய நூதனசாலைக்குச் சென்று, சீனக் கடற்தளபதி செங் ஹேயின், 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் மும்மொழிக் கல்வெட்டைப் பார்த்தோம். சீனம், பாரசீகம் ஆகியவற்றுடன் தமிழும் அதில் பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்டு அவள் நெடுநேரம் அவ்விடத்தை விட்டு அகலவில்லை.

விளையாட்டில் தமிழ் இல்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். சிறிய திரையில் ஆங்கில எழுத்துகளை வாசிப்பதும் கண்ணுக்குக் கடினம். ஆகவே, இத்தகைய வரலாற்றுச் செய்திகளைத் தங்கள் மாணவர் பக்கத்தில் எளிய தமிழில் தொடராக வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.