படவில் ஏறியவர்கள் சரக்கு எடுக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சொல் விளக்கப் பகுதியில், 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தில் யோவான் 6:24இல் வரும் 'டுக் ஷிப்பிங்' என்ற தொடருக்குக் 'கப்பல் சரக்கை எடுத்துக்கொண்டு' என்று பொருள் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேல் அந்தப் பக்கத்தை என்னால் படிக்க முடியவில்லை. இயேசுவைக் காணாமல் தேடிப் புறப்பட்ட ஜனங்கள் எதற்காகச் சரக்கு எடுக்க வேண்டும்? அச்சுக்குப் போகும் முன் ஒருவருக்காவது இந்தக் கேள்வி எழுந்திருக்க வேண்டாமா?

'டுக் ஷிப்பிங்' என்றால் கப்பலேறினார்கள், படகேறினார்கள் என்று பொருள். அதற்கு முன்பே வேதாகமத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த டிண்டேலின் பதினாறாம் நூற்றாண்டுப் பதிப்பிலேயே இதே தொடர் இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் 'ஆறாம் ஹென்றி' முதல் பாகத்தில், பிரான்சுக்குப் புறப்படும் பிரபுவிடம் மன்னன் 'டேக் ஷிப்பிங்' என்றுதான் சொல்கிறான். அதே நாடகத்தில் கப்பலில் ஏற்றப்பட்டவர்களைக் குறிக்க 'இன்ஷிப்ட்' என்ற சொல்லும் வருகிறது. இன்று 'ஷிப்பிங்' என்றதும் சரக்குப் போக்குவரத்துதான் நினைவுக்கு வருகிறது. உங்கள் கட்டுரையாளர் சறுக்கிய இடம் அதுதான். இன்றைய பொருளை நானூறு ஆண்டுக்கு முந்தைய வரிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

இதைச் சரிபார்க்கப் பெரிய அகராதிகூடத் தேவையில்லை. 'டேக்' என்ற வினைக்குப் பின்னால் வரும் பெயருக்கு முன் 'ஏ', 'தி' இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவை இல்லாமல் ஊர்தியின் பெயரோ ஏறிப்போகும் விலங்கின் பெயரோ வந்தால், பழைய ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் ஏறிப் புறப்படுவதைத்தான் சொல்லும். 'டுக் ஹார்ஸ்' என்றால் குதிரையேறினான். நம் மொழியிலும் 'கப்பலேறினான்', 'குதிரையேறினான்' என்று வேற்றுமை உருபு இல்லாமல்தானே சொல்கிறோம்? மானம் கப்பலேறியது என்கிறோமே, மானத்தைச் சரக்காக ஏற்றினார்கள் என்று யாரும் பொருள் கொள்வதில்லை.

'ஷிப்' தனியாக வினையாக வரும்போதுதான் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். படகுக்காரர் துடுப்பை 'ஷிப்' செய்தார் என்றால், பெரும்பாலும் நீரிலிருந்து எடுத்துப் படகுக்குள் வைத்தார் என்று பொருள். படகு தண்ணீரை 'ஷிப்' செய்தது என்றால் அலை விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தது. இந்த இரண்டிலும் அனுப்புவது என்ற பேச்சே கிடையாது.

அந்த வசனத்தில் கப்பலும் கிடையாது. அந்த ஜனங்கள் கடந்த கலிலேயாக் கடல் என்பது சுமார் 21 கிலோமீட்டர் நீளமும் 13 கிலோமீட்டர் அகலமும் உள்ள நன்னீர் ஏரி. கிரேக்க மூலத்தில் 'பிளோயாரியா', அதாவது சிறு படகுகள், என்றுதான் இருக்கிறது. 1986இல் ஏரியின் நீர்மட்டம் தாழ்ந்தபோது கினோசார் கரையில் சேற்றுக்குள்ளிருந்து கிடைத்த பழங்காலப் படகின் நீளம் 8 மீட்டரை ஒட்டியதுதான். 1881ஆம் ஆண்டுத் திருத்த ஆங்கிலப் பதிப்பு 'படகுகளில் ஏறினார்கள்' என்று நேராகவே எழுதிவிட்டது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'படவுகளில் ஏறி' என்று தெளிவாக இருக்கிறது. வீட்டு அலமாரியில் இருக்கும் புத்தகத்தைப் புரட்டியிருந்தாலே போதுமே என்பதுதான் என் மனக்குறை.

இது முதல் முறையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அப்போஸ்தலர் 28:13இல் வரும் 'ஃபெச்ட் ஏ காம்பஸ்' என்பதற்குத் 'திசைகாட்டியைக் கொண்டுவந்து' என்று முன்பு இதே பகுதியில் வந்தது. அங்கே 'காம்பஸ்' என்பது வட்டம், சுற்று. அப்போஸ்தலன் பவுலும் உடன் சென்றவர்களும் கப்பலில் சீரகூசாவிலிருந்து சுற்றிக்கொண்டு ரேகியும் துறைமுகத்துக்குப் போனார்கள் என்பதுதான் செய்தி. தமிழில் 'சுற்றியோடி' என்று இருக்கிறது. காந்தத் திசைகாட்டி மத்தியதரைக் கடலுக்கு வந்ததே பவுலுக்கு ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு. 21:15இல் உள்ள 'கேரியேஜஸ்' வண்டிகளாக அச்சானது. அவை பயணச் சாமான்கள். அந்த இரண்டுக்கும் திருத்தம் வரவில்லை. அதே அதிகாரத்தின் ஆறாம் வசனத்தில் 'வி டுக் ஷிப்' என்றும், தமிழில் 'நாங்கள் கப்பல் ஏறினோம்' என்றும் இருக்கிறது. ஒன்பது வசனம் முன்னால் போயிருந்தால் சென்ற இதழின் பிழையே நேர்ந்திருக்காது.

தங்களுக்கு இவையெல்லாம் தெரியாதவை அல்ல. ஆனால் பள்ளிப் பிள்ளைகள் இந்தப் பகுதியை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள். அவர்களுக்காக, அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், மூன்றே வரியில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பாளையங்கோட்டை